நலங்குக் கோடு

கல்கத்தா-29
12.6.1998

சௌபாக்கியவதி சங்கரிக்கு,

அத்தை எழுதுவது. இங்கே மாமா, செந்தில், ஜெயப்ரியா எல்லோரும் நலம். லால்குடியில் உன் அண்ணன் உத்தமனும் தங்கை அமலாவும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. லேக் மார்க்கெட்டில் முழங்கால் தண்ணீர். சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டு ஆபீசிலிருந்து மாமா வீடு வந்து சேர மூன்று மணி நேரம் ஆகிறது.

ஏப்ரலில் உன்னை ரயிலேற்றும்போது ஒரு மாதம் இருந்துவிட்டு வா என்று சொன்னேன். உன் மனம் நோகக் கூடாது என்று சொன்னது அது. உனக்கும் புரிந்திருக்கும். உன் துணிமணி, பாத்திரம் எல்லாவற்றையும் ரயில் பார்சலில் போட்டாயிற்று. இட்லிப் பானைக்கு மூடி கிடைக்கவில்லை. தேடி எடுத்து அனுப்புகிறேன்.

இத்துடன் வக்கீல் எழுதிக் கொடுத்த காகிதம் இருக்கிறது. ஒரு வருஷம் பிரிந்திருந்தால் நீயும் செந்திலும் சேர்ந்து மனுப் போட்டு விலகிக்கொள்ளலாமாம். வரும் ஏப்ரலோடு வருஷம் ஆகிறது. காகிதத்தில் மூன்றாவது பத்தியின் கீழே பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். "மணமகளுக்குத் திருமணத்துக்கு முன்பிருந்தே வெண்குஷ்டம் இருந்தது, அது மணமகன் வீட்டாரிடம் மறைக்கப்பட்டது" என்று வரும் இடம். அதற்குக் கீழே தனியாக ஒரு கையெழுத்து வேண்டுமாம்.

ஜெயப்ரியாவுக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, உங்கள் மருமகள் ஏன் ஊரில் இருக்கிறாள் என்றுதான். அவர்களுக்கு நான் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும் இல்லையா. நீ படித்த பெண். இதைப் பெரிதுபண்ண மாட்டாய்.

இப்படிக்கு,
அத்தை சரோஜா


லால்குடி
24.6.1998

அத்தைக்கு வணக்கம்.

போனில் என் குரலைக் கேட்டதும் நீங்கள் வைத்துவிடுவதால் எழுதுகிறேன். பார்சல் வந்தது. இட்லிப் பானையின் மூடி அதற்குள் இருக்கிறது. நீங்கள் தேட வேண்டாம்.

விலகிப்போக வேண்டும் என்றால் போகிறேன். அதற்காக நீங்கள் வக்கீல் வைத்து வார்த்தை தேட வேண்டியதில்லை. உங்கள் மகன் ஜனவரி மாதம் எனக்கென்று ஒரு டம்ளரை ஒதுக்கினார். மாறிப்போகக் கூடாது என்று அதன் அடியில் ஆணியால் கீறியும் வைத்தார். நான் அதில் மூன்று மாதம் காபி குடித்தேன். அவரோடு வாழ வேண்டும் என்று நான் கெஞ்சுவேன் என்று யாரும் பயப்பட வேண்டாம்.

ஆனால் மூன்றாவது பத்தியின் கீழே கையெழுத்துப் போட மாட்டேன். அது பொய். அதில் கையெழுத்திட்டால், எங்கள் குடும்பத்தில் இது இருக்கிறது என்று நானே எழுதிக் கொடுத்தது போலாகும். அமலாவுக்கு இருபத்திரண்டு வயது. முசிறியிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். என் கதை முடிந்தது என்றால் முடியட்டும். அவளுடையதை நான் முடித்துவைக்க மாட்டேன்.

இன்னொன்று. அதைக் குஷ்டம் என்று எழுதாதீர்கள். இது குஷ்டமே இல்லை. தோலில் நிறம் போய்விடுகிறது, அவ்வளவுதான். தொட்டால் ஒட்டாது. டம்ளராலும் ஒட்டாது.

திருமணத்துக்கு முன்பே இருந்ததா இல்லையா என்று சொல்ல உங்களைவிடச் சரியான சாட்சி கிடையாது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் எங்கள் ஊர்ப் பெண்கள் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டு நின்றார்கள். நீங்கள் அவர்களை விலக்கிவிட்டு, கல்கத்தாவிலிருந்து கொண்டுவந்திருந்த சிவப்பு பாட்டிலைத் திறந்தீர்கள். என் பாதத்தை உங்கள் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நலங்கு வைத்தீர்கள். "நெறம் கம்மின்னாலும் காலு லட்சணமாத்தான் இருக்கு, ஒரு தழும்பு இல்ல" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னீர்கள். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. இன்றைக்கு அந்த வார்த்தைதான் எனக்கு வேண்டியிருக்கிறது.

அதே கையால் போன நவம்பரில் என் காலைத் தொடவே அருவருத்தீர்கள். வெள்ளிக்கிழமை நலங்கே நின்றுபோனது. அதையும் மறக்கவில்லை.

சங்கரி


கல்கத்தா-29
8.7.1998

சங்கரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமியாருக்கு எழுதுகிற கடிதமா அது என்று மாமா கேட்டார்.

கல்யாண வீட்டில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள். நான் சொன்னேன் என்றே வைத்துக்கொள். வீட்டுக்கு வரும் மருமகளைப் பற்றி நாலு பேர் முன்னால் நல்லதாக ஒரு வார்த்தை சொல்வது ஒரு குற்றமா? அன்றைக்கு உன் கால் நிறைய மஞ்சள். அதன் மேல் நான் வைத்த நலங்கு. மேலே கொலுசு. அதற்குள் எதை யார் பார்த்தார்கள்? உத்தமன் நயமாகப் பேசிப் பேசியே உன்னை எங்கள் தலையில் கட்டிவிட்டார். போட்டோவில்கூட நீ கால் தெரியாமல் உட்கார்ந்துதான் இருக்கிறாய்.

டம்ளர் விஷயம் நான் சொல்லி நடந்ததில்லை. செந்திலுக்குச் சின்ன வயதிலிருந்தே சுத்தம் அதிகம்.

இருபத்தேழு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறோம். லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலைக்காரன்வரை எங்களை மரியாதையாகப் பேசுவான். போன வாரம் அங்கே காபித்தூள் கடையில் வசந்தி மாமி, "மருமகளுக்கு ஏதோ கால்ல வெள்ளையாமே, உங்க வீட்லதான் வந்துச்சாமே" என்று கேட்கிறாள். யார் சொல்லிக் கொடுத்த வார்த்தை அது? உன் வாயிலிருந்து ஊருக்குப் போய், அங்கிருந்து சுற்றிக்கொண்டு இங்கே வந்திருக்கிறது. நாக்கில் நரம்பில்லாமல் பேசாதே.

கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே உன் காலை ஊரே பார்க்கும். யோசித்துக்கொள்.

சரோஜா


லால்குடி
20.8.1998

அத்தைக்கு,

கோர்ட்டில் காலைக் காட்டுவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டிவிட்டேன். திருச்சியில், தோலுக்கென்றே படித்தவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

இரண்டு பாதங்களையும் சேர்த்து வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். பாதத்தின் ஓரம் முழுக்க வெள்ளை ஒரு கோடாக ஓடுகிறது. குதிகாலைச் சுற்றி வந்து மறுபக்கம் சேர்கிறது. பாதத்தின் நடுவில், மேலே, காலணா அளவுக்கு ஒரு வட்டம். இரண்டு காலிலும் ஒரே இடத்தில். "தானா வர்ற புள்ளி இப்படி ஸ்கேல் வெச்ச மாதிரி வராதும்மா. இந்த எடத்துல நீங்க என்ன பூசினீங்க?" என்றார். செருப்பின் ரப்பர் வாரால் வருமாம், நெற்றியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் பொட்டின் பசையால் வருமாம், தலைக்குப் போடுகிற சாயத்தால் வருமாம். சிலவற்றில் சேர்க்கிற ரசாயனம் தோலில் நிறம் கொடுக்கிற அணுக்களைக் கொன்றுவிடுமாம். கல்கத்தாவில் இருந்தேன் என்றதும், ஆல்தா பூசுவீர்களா என்று கேட்டார்.

இல்லை என்றேன். எனக்குத் தெரியவே தெரியாது அத்தை. நம் வீட்டில் அதற்குப் பெயர் நலங்கு. ஆல்தா வங்காளிப் பெண்கள் போடுவது, நாம் போடுவது நலங்கு என்றுதான் நீங்களும் ஜெயப்ரியாவும் சொல்லிக் கொடுத்தீர்கள். சிவப்பு பாட்டில், பஞ்சு சுற்றிய குச்சி, வெள்ளிக்கிழமை தோறும் போடுவோம், கரியாஹாட் பிளாட்பாரத்தில் லேபிள் இல்லாமல் வாங்குவது என்று விவரம் சொன்ன பிறகு, "அதான்ம்மா ஆல்தா" என்றார்.

பாட்டிலைப் பார்க்காமல் நிச்சயமாகச் சொல்ல முடியாது, இருக்கலாம் என்றுதான் எழுதித் தருவேன் என்றார். அவர் நேர்மையான மனிதர். அவர் எழுதித் தந்ததும் அவ்வளவுதான். இப்போது கோட்டைத் தாண்டி, வலது கை விரல் நுனியிலும் உதட்டோரத்திலும் லேசாகத் தொடங்கியிருக்கிறது. ஆரம்பத்திலேயே நிறுத்தியிருந்தால் நின்றிருக்குமா என்று கேட்டேன். அதற்கும் இருக்கலாம் என்றுதான் சொன்னார்.

ஒன்று கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். நவம்பரில் நீங்கள் என்னைக் கரியாஹாட்டில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனீர்கள். எனக்கு வங்காளம் தெரியாது. அவர் பேசியதற்கெல்லாம் நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். பேனாவால் என் காலைக் காட்டி "பௌமா" என்று ஆரம்பித்து ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். ஜனவரியில் மறுபடி போனபோதும் அதே பேனா, அதே கேள்வி. வெளியே வந்ததும் என்ன கேட்டார் என்றேன். "ஒண்ணுமில்ல, வயசு கேட்டார்" என்றீர்கள்.

என் வயதைக் கேட்க என் காலை ஏன் காட்ட வேண்டும்? அவர் என்ன கேட்டார் அத்தை?

சங்கரி


கல்கத்தா-29
5.10.1998

சங்கரிக்கு,

துர்கா பூஜைக் கூட்டத்தில் கடிதம் போடக்கூட வெளியே போக முடியவில்லை. அதனால் தாமதம். பதில் இல்லாமல் இல்லை.

இருபத்தேழு வருஷமாக என் காலில் போட்டுக்கொள்கிறேன். ஜெயப்ரியாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து போடுகிறேன். இந்த ஊரில் லட்சம் பெண்கள் போடுகிறார்கள். அவர்களுக்கெல்லாம் வராதது உனக்கு மட்டும் வந்ததா? உன் திருச்சி டாக்டர் இதற்கு என்ன சொல்கிறார்? எதையோ பூசி மெழுகப் பார்க்கிறாய்.

நான் ஒன்றும் ஆசைக்கு வாங்கவில்லை அதை. வந்த புதிதில் மஞ்சளும் சுண்ணாம்பும்தான் சிவக்கக் குழைத்தேன். அது காய்ந்ததும் வெடித்து உதிரும். மாடிப்படி முழுக்க மஞ்சள் பொடி. கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா, நாங்கள் பௌதி என்று கூப்பிடுகிறவள், சிவப்பு சிமென்ட் தரை பாழாகிறது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய முடியும்? அவளே பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். பஞ்சால் இழுத்தால் போதும். உதிராது, ஒட்டாது, மூன்று நாள் நிற்கும். வங்காளிகள் மாதிரி நான் பாதம் பூராவும் அப்பிக்கொள்ளவில்லை. நம் முறைப்படி கோடும் பொட்டும்தான் வைத்தேன். நல்லது என்று நினைத்துத்தான் உனக்கும் வைத்தேன்.

டாக்டர் வயதுதான் கேட்டார். எத்தனை தடவை சொல்வது.

ஜெயப்ரியாவுக்கு ஜாம்ஷெட்பூரில் இடம் குதிர்ந்திருக்கிறது. பையன் பெயர் குமரவேல், நல்ல வேலை. தை மாசியில் கல்யாணம். இந்தச் சமயத்தில் ஆல்தா, ரசாயனம் என்று நீ எழுதுகிற கடிதம் ஒன்று அவர்கள் கையில் சிக்கினால் என் பெண்ணின் வாழ்க்கை என்னாகும்? உங்கள் வீட்டிலேயே பெண்களுக்குக் காலில் விஷம் தடவுகிறீர்கள் என்பார்கள். உனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், ஞாபகம் இருக்கட்டும். கடிதம் எழுத உனக்கு மட்டும் தெரியும் என்று நினைக்காதே. முசிறிக்கும் தபால் போகிறது.

சரோஜா


லால்குடி
23.11.1998

முசிறிக்கும் தபால் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். போய்விட்டது.

போன புதன்கிழமை மாப்பிள்ளை வீட்டார் சார்பில் பட்டாபி என்று ஒரு பெரியவர் வந்தார். காபி வேண்டாம் என்றார். கல்கத்தாவிலிருந்து கையெழுத்தில்லாமல் ஒரு கடிதம் வந்திருப்பதாகச் சொன்னார். அக்காவுக்குப் பரம்பரை வெண்குஷ்டம் என்று அதில் இருக்கிறதாம். காட்டவில்லை. எனக்குப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. கிளம்பும்போது திண்பண்டத் தட்டைத் தொடாமல் எழுந்தார். என் கை பட்டிருக்கும் என்று பயம்.

அண்ணன் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அமலா அழவில்லை. உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலையும் என் காலையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். தன் காலில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினாள். சின்ன வயதிலிருந்து என்னோடு ஒரே பாயில் படுத்த பெண் அவள். அதை நான் பார்க்கும்படி செய்தீர்களே, உங்களுக்கு ஒரு நாளும் மன்னிப்புக் கிடையாது என்னிடம். நான் உங்களை வெறுக்கிறேன். இதை மரியாதையாக எழுத எனக்குத் தெரியவில்லை.

உங்களைப் போல நானும் செய்யலாம். ஜாம்ஷெட்பூர் விலாசம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அண்ணன் நேற்று இன்லேண்டு கவர் வாங்கிக்கொண்டே வந்துவிட்டான். நான் எழுதவில்லை. உங்களுக்காக அல்ல. அந்த வீட்டில் ஒரு வருஷம் என்னிடம் சிரித்துப் பேசிய ஒரே ஆள் ஜெயப்ரியா. எனக்கு வங்காளத்தில் பஸ் நம்பர் சொல்லிக் கொடுத்தவள். ஊருக்குக் கிளம்பிய அன்று என் டம்ளரில் மிச்சமிருந்த காபியை எடுத்துக் குடித்தாள். நீங்கள் பார்க்கவில்லை.

ஆகையால் இதை மட்டும் கேளுங்கள். அவள் கல்யாணத்துக்கு அந்த பாட்டிலைத் திறக்காதீர்கள். பத்துப் பேருக்கு ஒன்றும் ஆகாதாம், பதினோராவது ஆளுக்கு ஆகுமாம். யார் அந்த ஆள் என்று முன்கூட்டித் தெரியாதாம். இத்தனை நாள் அவளுக்கு வரவில்லை என்பதால் இனியும் வராது என்று சொல்ல முடியாதாம். உங்கள் லட்சம் பெண்களைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில் இது.

மூன்றாவது பத்தியில் என் கையெழுத்து எப்போதும் வராது.

சங்கரி


கல்கத்தா-29
3.3.1999

சங்கரிக்கு,

சென்ற மாதம் ஜெயப்ரியாவின் கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. யார் கண்ணும் படவில்லை, யார் வாயும் பலிக்கவில்லை. லேக் மார்க்கெட்டில் இருக்கிற நம்மவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். பௌதி சங்கு ஊதினாள். ஜாம்ஷெட்பூர்க்காரர்கள் வாய் நிறையப் பேசிவிட்டுப் போனார்கள். பெண் புக்ககம் போய்ச் சந்தோஷமாக இருக்கிறாள்.

முசிறி விஷயம் எனக்கு ஒன்றும் தெரியாது. யாரோ செய்ததற்கு என்னைச் சொல்கிறாய். உனக்கு விரோதி நான் ஒருத்திதானா?

நீ பெரிய உபதேசம் செய்திருந்தாயே. இத்துடன் ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் எடுத்தது. போட்டோக்காரனிடம் சொல்லிக் காலை மட்டும் தனியாக, பெரிதாக எடுக்கச் சொன்னேன். உனக்காகவே எடுக்கச் சொன்னேன் என்று வைத்துக்கொள். அதே வீடு, அதே கை, எப்போதும் வைக்கிற அதே பாட்டில் நலங்குதான். பார்த்துக்கொள். ஒரு புள்ளி இருக்கிறதா? கண்ணாடி போட்டுக்கொண்டு தேடு. என் பெண்ணின் கால் பளிங்கு மாதிரி இருக்கிறது. குற்றம் பாட்டிலில் இல்லை, உன் உடம்பில் இருக்கிறது. இதைவிட நான் என்ன நிரூபிக்க வேண்டும்?

வரும் மாதத்தோடு வருஷம் முடிகிறது. காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. செந்திலுக்கும் வயதாகிறது.

சரோஜா


லால்குடி
17.3.1999

அத்தைக்கு,

ஜெயப்ரியா நன்றாக இருக்கட்டும். அதை மனதார எழுதுகிறேன்.

போட்டோவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடச் சொன்னீர்கள். அண்ணனின் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு புள்ளியும் இல்லை. அழகான கால். ஓரத்தில் சிவப்புக் கோடு, நடுவில் பொட்டு.

கோடு காய்ந்து வெடித்திருக்கிறது, அத்தை. குதிகால் பக்கம் விண்டு, ஒரு துண்டு மணையின் மேல் விழுந்திருக்கிறது. கோட்டின் விளிம்பில் சிவப்பு போய் மஞ்சள் தெரிகிறது. படத்தின் மூலையில் அவள் குதிகாலைத் தாங்கிப் பிடித்திருக்கிற கை உங்களுடையது. மோதிரத்தை எனக்குத் தெரியும். கட்டைவிரல் நகத்துக்குள் மஞ்சள் ஏறியிருக்கிறது. பஞ்சுக் குச்சியால் பாட்டிலைத் தொட்டு வைக்கிறவர்களின் நகத்தில் மஞ்சள் எப்படி வரும்? பாட்டில் நலங்கு உதிராது, ஒட்டாது, மூன்று நாள் நிற்கும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்.

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வைத்திருக்கிறீர்கள். பௌதியின் சிவப்புத் தரையைப் பற்றி அன்றைக்கு நீங்கள் கவலைப்படவில்லை.

ஆக, என் கடிதத்தை நம்பியிருக்கிறீர்கள். உங்கள் பெண்ணின் காலுக்கு நம்பியிருக்கிறீர்கள். என் காலுக்கு மட்டும் நம்பவில்லை. இத்தனை மாதமாக நீங்கள் முட்டாள்தனத்தால் எழுதுகிறீர்கள் என்று நினைத்துக் கோபப்பட்டேன். அப்படி இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

இந்தப் போட்டோவையும் உங்கள் கடிதத்தையும் சேர்த்து வக்கீலிடம் கொடுத்தால் போதும் என்கிறான் அண்ணன். சண்டை போட்டுப் பார்த்தான். நான் கொடுக்கவில்லை. ஜெயப்ரியாவின் கால் ஒரு கோர்ட்டுக் கட்டில் நூல் சுற்றிக் கிடக்க வேண்டாம். குமரவேல் வீட்டார் கண்ணில் அது பட வேண்டாம். இத்துடன் போட்டோவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிரதி எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

விலகல் மனுவில் நான் கையெழுத்துப் போட்டு, மூன்றாவது பத்தியை மட்டும் அடித்துவிட்டு, அதையும் இதனுடன் வைத்திருக்கிறேன். உங்கள் மகன் என்னிடமிருந்து விடுபட்டுப் போகட்டும். அதற்குத் தடை இல்லை.

உங்களிடம் எனக்கு இனிக் கோர்ட்டில் கேட்க ஒன்றும் இல்லை. கேட்பது பழைய கேள்விதான். அந்த டாக்டர் என் காலைக் காட்டி என்ன கேட்டார்?

சங்கரி


கல்கத்தா-29
9.4.1999

சங்கரிக்கு,

மனு வந்தது. போட்டோவும் வந்தது. செந்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். மூன்றாவது பத்தி இல்லாமலே வக்கீல் தாக்கல் செய்வார். செந்தில் ஏன் என்று கேட்டான். நான் சொன்னபடி செய் என்றேன். அவன் எப்போதும் சொன்னபடி செய்கிறவன்தான். அதுவும் என் வளர்ப்புதான்.

உன்னை எனக்குப் பிடிக்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்றே பிடிக்கவில்லை. மாமாதான் முடித்தார். இன்றைக்கும் பிடிக்கவில்லை. போட்டோவைத் திருப்பி அனுப்பி என்னைவிடப் பெரியவளாகிவிட்டாய் என்று நினைத்தால் அதுவும் பிடிக்கவில்லை. இதை எழுதாமல் மற்றதை எழுதினால் நடிப்பாகிவிடும்.

இத்துடன் ஒரு முத்திரைத் தாள் இருக்கிறது. "சங்கரியின் பாதங்களைத் திருமணத்துக்கு முதல் நாள் நானே என் மடியில் வைத்துப் பார்த்தேன். அவற்றில் எந்த வெண்புள்ளியும் இல்லை. என் வீட்டில் நான் பூசிய ஆல்தாவின் கோட்டில்தான் பிறகு அது வந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மாமா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். முசிறிக்கு எழுதியது நான்தான். அங்கேயும் இதன் நகல் ஒன்றை, இந்த முறை பெயர் போட்டு, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். அவர்கள் திரும்பி வருவார்களா என்று எனக்குத் தெரியாது. வந்தாலும் அமலா சம்மதிப்பாளா என்றும் தெரியாது.

உன் கடிதத்தைப் பார்த்து நான் மஞ்சள் குழைத்ததாக எழுதியிருக்கிறாய். இல்லை.

நவம்பரில் அந்த டாக்டர் கேட்டது, "பௌமா ஆல்தா பொரே?" மருமகள் ஆல்தா போடுகிறாளா என்று. "நா, ஆம்ரா மாத்ராஜி" என்றேன். இல்லை, நாங்கள் மதராசிகள், அதெல்லாம் எங்களுக்குக் கிடையாது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். சத்தியமாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. நான் போடுவது நலங்கு. அவர் விடவில்லை. எதற்குக் கேட்கிறேன் என்றால் மலிவு ஆல்தாவில் கலக்கிற சாயத்தால் சில பேருக்கு இப்படி ஆகிறது என்று சொன்னார். வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். பாட்டில் இருந்தது. பௌதி வீட்டு அலமாரியில் இருக்கிற அதே பாட்டில்.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து நான் யாருக்கும் வைக்கவில்லை. எனக்கும் வைத்துக்கொள்ளவில்லை, ஜெயப்ரியாவுக்கும் வைக்கவில்லை. உன் காலைத் தொட அருவருத்தேன் என்று எழுதியிருந்தாய். அருவருப்பு இல்லை. உனக்குக் காரணம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரியில் மறுபடி போனோம். அதற்குள் கோடு நன்றாகத் தெரிந்தது. அவர் உன் காலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், ஆல்தா போட்டீர்களா, தெரிந்தால் அதற்கேற்ற வைத்தியம் செய்யலாம் என்றார். உனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

அப்போதும் "நா" என்றுதான் சொன்னேன்.

சரோஜா